இந்தியாவும் சீனாவும் வாங்கிய காகிதம்: அந்த இரண்டு கோடுகளை எப்படிப் படிப்பது?

தருமபுரியில் எம்.காம். படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தளத்தில் இருந்து 1961 முதலான காகிதம், அட்டை இறக்குமதிக் கணக்கை எடுத்து, இந்தியாவுக்கு ஒரு கோடு, சீனாவுக்கு ஒரு கோடு என ஒரே படத்தில் போட்டேன். சீனாவின் கோடு 2000 வாக்கில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கி, 2017, 2018க்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. இந்தியாவின் கோடு கீழேயே ஊர்ந்து இப்போதுதான் கொஞ்சம் தலை தூக்குகிறது. காகிதத்தில் இந்தியா கிட்டத்தட்ட தன்னிறைவு அடைந்துவிட்டது, சீனா வெளிநாட்டை நம்பி இருக்கிறது என்று என் புராஜெக்டில் எழுதலாமா?"

எழுத வேண்டாம் தம்பி. படம் சரி, அதற்குக் கீழே நீங்கள் போட நினைக்கும் வாசகம்தான் தவறு.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பேப்பர் கொள்முதல் பார்த்தவன் நான். நீங்கள் வரைந்திருக்கும் அந்த இரண்டு கோடுகளும் எனக்குப் படமாக வரவில்லை. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போனில் வந்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கில் உள்ள கண்ணிகள். அந்தத் தளத்தில் நாடுகளின் பட்டியலைத் திறந்தால் 'சீனா' என்று ஒரு பெயர் இருக்கும், 'சீனா, பெருநிலம்' என்று இன்னொன்று இருக்கும், ஹாங்காங், மக்காவ், தைவான் மூன்றும் தனித்தனியாக இருக்கும். வெறும் 'சீனா' என்பது இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகை. 1980, 90களில் சீனாவுக்குப் போன சரக்கில் பெரும்பகுதி ஹாங்காங் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி பெருநிலத்துக்குப் போனது. கூட்டுத்தொகையை எடுத்தால் ஒரே காகிதச் சுருள் (ரீல்) ஹாங்காங் இறக்குமதியாக ஒருமுறை, பெருநில இறக்குமதியாக ஒருமுறை என இரண்டு தடவை எண்ணப்படும். உங்கள் படத்தில் 2000 வாக்கில் தெரியும் உச்சி அளவுக்கு மீறி உயரமாக இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். 'சீனா, பெருநிலம்' என்ற வரிசையை மட்டும் எடுங்கள்.

அடுத்தது, அந்தக் கணக்கில் எது காகிதம்? பத்திரிகைக் காகிதம், எழுதவும் அச்சடிக்கவும் ஆகும் காகிதம், அட்டைப்பெட்டி செய்யும் பழுப்புக் காகிதமான கிராஃப்ட், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் டூப்ளெக்ஸ் போர்டு, டிஷ்யூ எல்லாம் உள்ளே. மரக்கூழ் வெளியே. பழைய காகிதமும் வெளியே. செய்து முடித்த பெட்டி, நோட்டு, புத்தகம் இவையும் வெளியே. சுங்கத் துறையின் கணக்கு வேறு மாதிரி: அங்கே 47ஆம் அத்தியாயத்தில் கூழும் பழைய காகிதமும், 48இல் காகிதம், அட்டையோடு பெட்டியும் நோட்டும், 49இல் அச்சிட்ட புத்தகங்கள். ஆகவே ஒரு நாட்டுக்கு ஐ.நா. கணக்கையும் இன்னொன்றுக்குச் சுங்கக் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் மாங்காயையும் மாங்கூழையும் ஒரே தராசில் நிறுத்த மாதிரிதான். நம் நாட்டு ஆலைகளின் சங்கம் சொல்லும் எண்கள் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டுக்கானவை, ஐ.நா. எண்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. இதையும் கலக்காதீர்கள்.

டாலரா, டன்னா என்பது மூன்றாவது. டன்னில் வரையுங்கள். டாலரில் வரைந்தால் விலை ஏற்றம் எல்லாம் இறக்குமதி ஏற்றம் போலத் தெரியும். 2020இல் கொரோனாவால் பத்திரிகை விற்பனை படுத்தபோது பத்திரிகைக் காகிதத்தின் உலக விலை அடிமட்டத்தில் இருந்தது. 2022இல் கப்பல் கூலி உயர்ந்து, உக்ரைன் போரால் ரஷ்யச் சரக்கு வருவது சிக்கலாகி, விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்த இரண்டு வருடங்களை டாலரில் ஒப்பிட்டால், பத்திரிகைகள் திடீரென்று பக்கங்களைக் கூட்டிவிட்டன என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். நடந்தது நேர்மாறு. பல பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். இந்தியாவின் கோடு ஏன் இவ்வளவு காலம் தரையோடு ஊர்ந்தது?

வாங்க விடவில்லை, அதுதான் காரணம். 1960களில் இருந்து 80கள் வரை அந்நியச் செலாவணி இல்லாத காலம். பத்திரிகைக் காகிதத்தை அரசு நிறுவனம் வழியாகத்தான் கொண்டுவர முடியும், ஒவ்வொரு பத்திரிகைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கீடு. 1972-73இன் கொள்கையில், நாளிதழ் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றே விதி வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1972இல் அதைச் செல்லாது என்றது. நாட்டுக்குள் பத்திரிகைக் காகிதம் செய்தது ரொம்ப காலம் மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலை ஒன்றுதான், அது 1950களில் தொடங்கியது. இந்தச் சூழலில் இறக்குமதிக் கோடு கீழே இருப்பதற்குத் தேவை இல்லை என்று பொருள் கிடையாது. ரேஷன் கடையில் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்கியவன் வீட்டில் இரண்டு லிட்டர்தான் தேவை என்று முடிவு கட்டுவோமா?

நான் பாலக்கோட்டில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், வருடக் கடைசியில் எல்லா நோட்டிலும் மிச்சம் இருக்கும் தாள்களைக் கிழித்து, அம்மா கோணி ஊசியால் தைத்து அடுத்த வருடத்துக்கு ரஃப் நோட்டு ஆக்கித் தருவார். அந்தத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். அதுவும் உங்கள் வரைபடத்தில்தான் இருக்கிறது, கோட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகலான இடத்தில்.

தட்டுப்பாட்டுக்கு நம் மாநிலம் கண்ட வழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் பதிவாகி 1984இல் உற்பத்தி தொடங்கியது. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சர்க்கரை ஆலைக்கு அந்தச் சக்கைதான் பாய்லர் எரிபொருள். எங்கள் பாலக்கோடு ஆலைப் பக்கம் போனால் மலை மாதிரி குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் காகித ஆலைக்குக் கொடுத்தால் பாய்லருக்கு என்ன போடுவது? பதிலுக்கு நிலக்கரி கொடுக்கலாம் என்றுதான் ஏற்பாடு செய்தார்கள். ஆக, பத்திரிகைக் காகித இறக்குமதி ஒரு டன் குறைந்தால் அதன் பின்னால் நிலக்கரி ஒரு பக்கம் நகர்கிறது. இறக்குமதிக் கணக்கில் இது எதுவும் தெரியாது.

இப்போது சீனா. 1990இல் அவர்களுடைய உற்பத்தி ஏறத்தாழ 1.37 கோடி டன். அதில் பெரும்பகுதி கோதுமை வைக்கோல், நாணல் இவற்றை அரைத்துச் செய்தது. ஆயிரக்கணக்கான சின்ன ஆலைகள், கழிவு நேராக ஆற்றில். ஹுவாய் ஆறு கறுத்துப் போனபிறகு 1996இல் அரசு இறங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்ன ஆலைகளை மூடியது. அதே சமயம் பொம்மை, செருப்பு, ரேடியோ எல்லாம் செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் தெற்கே முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் பெட்டி வேண்டும். வைக்கோல் காகிதப் பெட்டி கப்பலில் அமெரிக்கா வரை தாங்காது. அதனால் இறக்குமதி. 2000இல் சீனா வெளியிலிருந்து வாங்கியது சுமார் 60 லட்சம் டன். நீங்கள் பார்க்கும் முதல் உச்சி இதுதான்.

பிறகு கோடு இறங்குகிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, காகிதத்தின் மீதான வரியைக் குறைத்தது. வரி குறைந்தால் இறக்குமதி ஏறும் என்றுதானே உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும்? இங்கே இறங்கியது. 2010இல் 33 லட்சம் டன் அளவுக்கு வந்து, 2016இல் 30 லட்சத்துக்கும் சற்றுக் கீழே போனது. இடையில் நடந்தது இயந்திரங்கள். பின்லாந்திலும் ஜெர்மனியிலும் செய்த, உலகத்திலேயே அகலமான, வேகமான காகித இயந்திரங்களை வரிசையாக வாங்கிப் போட்டார்கள். 2000இல் 3 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 2010இல் 9 கோடி டன்னைத் தாண்டியது. வெறும் சந்தை செய்த வேலை இல்லை இது. அமெரிக்கா, கனடா, தென்கொரியா மூன்றில் இருந்தும் வந்த பத்திரிகைக் காகிதத்தின் மீது 1999இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது அடிமாட்டு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி, போட்டார்கள். அந்த மாதிரி வரியைச் சீனா முதன்முதலில் போட்டதே காகிதத்துக்குத்தான்.

இங்கே நிறுத்தி, "பார்த்தீர்களா, சீனா தன்னிறைவு அடைந்தது" என்று எழுதினால் அதுவும் தப்பாகும். ஏனென்றால் அந்த ராட்சத இயந்திரங்களுக்குத் தீனி எங்கிருந்து வந்தது? ஜாங் யின் என்ற பெண்மணி 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் பழைய காகிதம் சேகரித்துச் சீனாவுக்கு அனுப்பும் கம்பெனி தொடங்கினார். சீனப் பொருள்களை அமெரிக்காவில் இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல்களில் கன்டெய்னர்கள் காலியாகப் போகும், கூலி ரொம்பக் குறைவு. அந்தக் காலி கன்டெய்னரில் பழைய அட்டையை நிரப்பினார். 1995இல் டோங்குவானில் நைன் டிராகன்ஸ் என்ற ஆலையை ஆரம்பித்தார். 2006இல் சீனாவின் பணக்காரர் பட்டியலில் முதலிடம். பழைய பேப்பர் வியாபாரம் என்றால் நம் ஊரில் தராசும் சைக்கிளும்தான் நினைவுக்கு வரும், இல்லையா?

2016இல் சீனா இறக்குமதி செய்த பழைய காகிதம் 2.8 கோடி டன் அளவு. அதே வருடம் வாங்கிய புதுக்காகிதம், அட்டையைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். உங்கள் கணக்கில் பழைய காகிதம் சேராது என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இதுதான். காகிதம் வருவது நிற்கவில்லை, முன்வாசலை விட்டுக் கொல்லை வாசல் வழியாக வந்தது. நீங்கள் முன்வாசலில் மட்டும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

2017 ஜூலையில் சீனா உலக வர்த்தக அமைப்புக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தது: வெளிநாட்டுக் குப்பையை இனி எடுக்க மாட்டோம். 2018 ஜனவரி 1 முதல் தரம் பிரிக்காத கலப்புக் காகிதத்துக்குத் தடை. அந்த மார்ச் முதல் மற்ற பழைய காகிதத்தில் அழுக்கும் பிளாஸ்டிக்கும் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் முழுத் தடை. கொல்லை வாசல் சாத்தியாயிற்று. ஆனால் பெட்டி வேண்டுமே? முன்வாசல் திறந்தது. முடிந்த காகிதம், அட்டை இறக்குமதி 2017இல் சுமார் 47 லட்சம் டன், 2019இல் 62 லட்சம், 2020இல் 1.15 கோடி டன். நீங்கள் 'செங்குத்தாக ஏறுகிறது' என்று சொன்ன இடம்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அப்படி உள்ளே வந்த ரீல்களில் கணிசமான பங்கு சீனக் கம்பெனிகளே வெளிநாட்டில் செய்தவை. நைன் டிராகன்ஸ் 2018இல் அமெரிக்காவில் ஆலைகளை வாங்கியது, மலேசியாவுக்கும் போனது. லீ அண்ட் மேன் வியட்நாமிலும் மலேசியாவிலும், சன் பேப்பர் லாவோஸிலும் ஆலை போட்டன. குப்பையை அங்கே அரைத்து, கூழாகவோ ரீலாகவோ சீனாவுக்குக் கொண்டுவருகிறார்கள். சுங்கக் கணக்கில் அது இறக்குமதி. முதலாளிக் கணக்கில் ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாறும் சரக்கு. இதை 'வெளிநாட்டை நம்பி இருப்பது' என்று எப்படி எழுதுவது?

அவர்கள் வாசல் சாத்தியது எங்கள் தலையில் எப்படி விடிந்தது என்று சொல்கிறேன். அதைக் கேட்டால் இரண்டு கோடுகளும் தனித்தனி இல்லை என்பது புரியும்.

2018, 2019இல் எங்களுக்குக் கொண்டாட்டம். சீனா எடுக்காத அமெரிக்க, ஐரோப்பியப் பழைய அட்டை எல்லாம் இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மலிவாக வந்தது. உடுமலை, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கிராஃப்ட் ஆலைகள் தாங்களாகவே போன் செய்து ரேட்டைக் குறைத்துத் தந்தன. கடன் தவணையும் கூடுதல். கொள்முதல் ஆளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் 2020 வந்தது. ஊரடங்கில் கடைகள் மூடியதால் உள்ளூரில் பழைய அட்டை சேகரிப்பு நின்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே கதை. கன்டெய்னர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி பல மடங்கு. அந்த வருடக் கடைசியில், 2021 ஜனவரி முழுத் தடை நெருங்க நெருங்க, சீனாவில் இருந்து இந்திய ஆலைகளுக்கே ஆர்டர் வரத் தொடங்கியது: பழைய காகிதம் வேண்டாம், அதை அரைத்து ரீலாகக் கொடு. ஆலைகள் நல்ல விலைக்கு ஏற்றுமதி செய்தன. தப்பு சொல்ல முடியாது, வியாபாரம். ஆனால் எங்களுக்குக் காகிதம் இல்லை.

கிலோ இருபது சொச்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்த 20 பிஎஃப் கிராஃப்ட் (பிஎஃப் என்பது காகிதம் கிழியாமல் அழுத்தம் தாங்கும் வலுவின் அளவு), முப்பது ரூபாயைத் தாண்டியது. காலையில் ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட். பல வருடப் பழக்கமான ஓர் ஆலை, அட்வான்ஸ் வாங்கிய ஆர்டரையே "இந்த ரேட்டுக்கு முடியாது அண்ணா" என்று திருப்பிவிட்டது. எங்கள் பக்கம் பார்த்தால், ஓசூர் வண்டிப் பாகக் கம்பெனிகளோடு ஆறு மாதத்துக்கு ரேட் பேசிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பெட்டிக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல், சில சமயம் முக்கால்வாசி, பேப்பர்தான். அதன் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் லாபத்தை விடுங்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் கையில் இருந்து காசு போட்டு அனுப்ப வேண்டியதுதான். 2021 மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரர்கள் பெட்டிக்கு நெருக்கினார்கள். மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள டின் ஆறு, ஒரு பெட்டியில் வைத்து ஏற்றுமதி போகும். இருபது கிலோ பாரம் தாங்கும் பெட்டி, அதில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற காகித எடை) குறைத்து ஏமாற்ற முடியாது, அடியில் பிய்ந்துவிடும். அந்த மூன்று மாதம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

அந்த ஆண்டுக்கான உங்கள் படத்தைப் பாருங்கள். இந்தியக் கோட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏற்றுமதி நீங்கள் வரையவில்லை, பழைய காகிதம் நீங்கள் வரையவில்லை. எங்கள் தொழிலில் பல சின்ன யூனிட்டுகளை உட்கார வைத்த வருடம் அந்தக் கோட்டில் ஒரு சுளிவுகூட இல்லாமல் கடந்து போகிறது.

இனி இந்தியக் கோடு இப்போது தலை தூக்குவதற்கு வருவோம். இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய (ஆசியான்) நாடுகளோடும் தென்கொரியாவோடும் நாம் செய்த வர்த்தக ஒப்பந்தங்கள் இரண்டும் 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன. மற்ற நாடுகளில் இருந்து வரும் காகிதத்துக்குப் பத்து சதவீத அடிப்படை வரி இருக்க, ஆசியான் காகிதத்துக்கு அது படிப்படியாகக் குறைந்து இல்லாமலே ஆனது. இந்தோனேசியாவில் தோட்டமாக வளர்த்த மரம், ஆலைக்குப் பக்கத்திலேயே துறைமுகம். நம் ஆலைகளுக்குக் காட்டு மரம் கிடையாது, 1988 தேசிய வனக் கொள்கை ஆலைகளை விவசாயிகளிடம்தான் மரம் வாங்கச் சொல்கிறது. நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் தைலமரமும் சவுக்கும் அப்படி வந்தவைதான். வெட்ட நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும், விலை ஏறினால் ஏறும், விழுந்தால் விழும். ஆக அங்கே செய்து கப்பலில் கொண்டுவந்தாலும் சில வகைக் காகிதம் இங்கே செய்வதைவிட மலிவு.

விளைவு, 2023-24இல் நம் காகித, அட்டை இறக்குமதி 19 லட்சம் டன்னைத் தாண்டியதாக ஆலைகளின் சங்கம் கணக்குச் சொன்னது, முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அரசும் சும்மா இல்லை. 2022 அக்டோபர் 1 முதல், இருநூறுக்கு மேற்பட்ட காகித வகைகளை இறக்குமதி செய்பவர் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கண்காணிப்பு முறை வந்தது. 2025 ஆகஸ்டில், புது மரக்கூழில் செய்த பல அடுக்கு அட்டைக்கு டன்னுக்கு 67,220 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். மாத்திரைப் பெட்டி, சோப்புப் பெட்டி செய்யும் அட்டை அது. ஆலைக்காரர் கேட்டு வாங்கிய விலை. பெட்டி செய்பவன் என்ற முறையில் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, ஆலை நிழலில் நிற்பவர்களுக்கு வேறு நியாயம் இருக்கும்.

சீனாவில் வரி குறைந்தபோது இறக்குமதி குறைந்தது, இங்கே வரி குறைந்தபோது ஏறியது. உங்கள் புராஜெக்டின் நடுப்பகுதியாக இதை வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் வரியைக் குறைக்கும் முன்னும் குறைத்த கையோடும் இயந்திரத்தைப் போட்டார்கள், தீனிக்கும் வழி செய்துகொண்டார்கள். நம்மிடம் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆலைகள் ஓடுகின்றன, பெரும்பாலானவை சின்னவை, பழைய காகிதத்தை நம்பியவை. இந்த ஒரு வித்தியாசத்தை விளக்கினாலே பத்துப் பக்கம் வரும்.

இன்னொன்று. இந்தியக் கோடு ஒரே கோடாக இருப்பதால் அதற்குள் நடக்கும் இழுபறி தெரியவில்லை. பத்திரிகைக் காகிதத்தைத் தனியாகப் பிரித்து வரையுங்கள். 2019 பட்ஜெட்டில் அதற்குப் பத்து சதவீத வரி போட்டு, 2020 பட்ஜெட்டில் ஐந்தாகக் குறைத்தார்கள், பின்னாலேயே கொரோனா. அந்தக் கோடு விழும். அட்டை, பூச்சுக் காகிதம் இவற்றின் கோடு ஏறும். ஒன்று விழ ஒன்று ஏற, மொத்தம் 'ஊர்வது' போலத் தெரிகிறது. மக்கள் பேப்பர் படிப்பதைக் குறைத்துக்கொண்டு, பெட்டியில் வரும் பொருளை வாங்குவதைக் கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நார் பற்றியும் ஒரு வரி. காகிதத்தை ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் நார் குட்டையாகும். ஐந்தாறு சுற்றுக்கு மேல் அது வெறும் தூசு. குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் நீள நார் நடுநடுவே சேர்ந்தால்தான் பெட்டி நிற்கும். அமெரிக்கப் பழைய அட்டையில் அந்த நார் உண்டு, அதனால்தான் அதற்கு மவுசு. கடல் ஈரத்தில் ஒரு மாதம் கிடக்க வேண்டிய ஏழு அடுக்குப் பெட்டிக்கு நாங்களும் வெளிநாட்டு வர்ஜின் லைனர்தான், அதாவது புது மரக்கூழில் செய்த மேல்தாள்தான், போட்டோம். எத்தனை ஆலை கட்டினாலும் நீள நார் ஏதாவது ஒரு வாசல் வழியாக உள்ளே வந்தாக வேண்டும், நமக்கும் சீனாவுக்கும்.

இப்போது 'தன்னிறைவு' என்ற சொல்லை எண்களிலேயே பார்ப்போம். 2020இல் சீனாவின் உற்பத்தி 11.26 கோடி டன், இறக்குமதி 1.15 கோடி. அதாவது உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு. 2016இல் அது மூன்று சதவீதத்துக்கும் கீழே. இந்தியாவின் உற்பத்தி சுமார் 2 கோடி டன் என்று வைத்தால், 19 லட்சம் டன்னும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். படத்தில் ஒன்று மலை, மற்றது தரை. பங்கு கணக்கில் இருவரும் ஒரே படியில். தலைக்குக் கணக்குப் பார்த்தால், சீனர் ஒருவர் ஆண்டுக்கு 80 கிலோவுக்கு மேல் காகிதம் பயன்படுத்துகிறார், நாம் 15 கிலோ அளவில் இருக்கிறோம், உலகச் சராசரியே 57 கிலோ. நம் கோடு தாழ்ந்திருப்பதற்கு முதல் காரணம் நாம் குறைவாகப் பயன்படுத்துவது. அதைத் தன்னிறைவு என்று சொல்வது, ஒரு வேளை சாப்பிடுகிறவன் வீட்டில் அரிசிச் செலவு குறைவு என்று மெச்சுவது போல.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாட்டுக்கு ஒரு கோடு போதாது. கூழ், பழைய காகிதம், முடிந்த காகிதம் மூன்றையும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றிலும் இறக்குமதியில் இருந்து ஏற்றுமதியைக் கழியுங்கள். இரண்டு நாட்டையும் ஒரே அச்சில் வைக்காமல், உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று மாற்றுங்கள். அடிப்படை ஆண்டை 100 என்று வைக்கும் முறையில் கவனம் தேவை: 2000ஐ அடிப்படையாக எடுத்தால் 2016இல் சீனா பாதியாகச் சுருங்கியிருக்கும், 2016ஐ எடுத்தால் 2020இல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஊதியிருக்கும். இரண்டும் ஒரே கணக்கில் இருந்து வருபவை. தனி ஆண்டுக்குப் பதில் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள், 2020, 2021 மட்டும் தனியாகப் பேசப்பட வேண்டியவை. எந்தக் கணக்கிலும் வராத காகிதம் ஒன்றும் உண்டு: சீனாவில் இருந்து வரும் போனைச் சுற்றிய பெட்டி, இங்கிருந்து போகும் மாங்கூழைச் சுற்றிய பெட்டி, ஓசூர் ரோஜாவைச் சுற்றிய பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் பெயரில்தான் அது எல்லை தாண்டும். அடிக்குறிப்பாக ஒரு வரி போதும்.

நேரம் இருந்தால் தருமபுரியிலேயே இரண்டு மூன்று பழைய பேப்பர் கடைகளில் ஏறி, 2019இல் பழைய அட்டை கிலோ என்ன விலைக்கு எடுத்தீர்கள், 2021இல் என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பில் எவரிடமும் இருக்காது. ஆனால் அந்த வருடத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், தாங்களாகவே தேதி சொல்வார்கள்.